நாற்பது கொத்து

கச்சேரிக்கு எதிர்க் கடையில்
பகலில் நான் அடிப்பது
பிறப்பு, இறப்பு, காணி உறுதி,
விசாவுக்கு மொழிபெயர்ப்பு.
ஆறரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
மெண்டே எழுத்து.

கி. கா. கு.
இப்படித்தான் தொடங்குகிறது அவர்களுடைய அரிச்சுவடி,
எங்கள் வரிசையை யாரோ சுளகில் போட்டுப் புடைத்ததுபோல.
நூற்றுத் தொண்ணூற்றேழு அசைகள்.
மெய் அங்கே தனியாக நிற்காது,
உயிரைக் கூட்டிக்கொண்டுதான் வரும்.
கர்சர் வலப்பக்கம் பிறந்து
இடப்பக்கச் சுவரைப் பார்த்து நடக்கும்.
முதல் வாரம் என் கழுத்து பிடித்துக்கொண்டது.

ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தாகிவிட்டது,
அடையாள அட்டை மாதிரி.
அட்டை இருக்கிறது, படம் இல்லை.
திரையில் வெறும் கட்டம், கட்டம், கட்டம்.
அந்தப் படங்களைத்தான் நான் வரைகிறேன்.

கட்டத்துக்கு நான் பயந்தவளில்லை.
பாமினி ஏற்றாத கணினியில்
எங்கள் ஊர்
aho;g;ghzk;
என்று கிடந்த காலத்தில் தட்டச்சுப் பழகியவள்.
அரைப்புள்ளி குத்திய ஊர்.
அதற்கும் பஸ் ஓடியது.

போ நகரத்திலிருந்து பிழை திருத்தி அனுப்புகிறவர்
லன்சானா வண்டி.
உங்கள் குடும்பப் பெயருக்குத் தமிழில்
இன்ன பொருள் என்று எழுதினேன்.
எத்தனை மாடு பூட்டியது என்று கேட்டார்.

நேற்று மனுவேற்பிள்ளை
உறுதிப் பிரதிக்காக ஷட்டருக்குக் கீழே குனிந்து வந்தார்.
திரையைப் பார்த்தார்.
"உது அரபோ பிள்ளை?"
"இல்லை அண்ணை, மெண்டே."
"எங்க கதைக்கிறவை?"
"சியரா லியோனில."
"அங்க எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"
"எனக்குத் தெரிஞ்சு இல்லை."
"அப்ப ஆர் உமக்குக் காசு தாறது?"
அதற்கு நான் பதில் சொல்லவில்லை.
பிரிண்டர் சொல்லட்டும் என்று விட்டேன்.

வண்டி அனுப்பிய படத்தில்
ஓர் அரிசிக் கடைக் கணக்குக் கொப்பி.
மூலையில் எண்ணெய்க் கறை, நடுவில் ஒரு பெண்ணின் பெயர்,
பெயருக்குப் பக்கத்தில் கடன்.
அந்தக் கணக்கில் பூச்சியம் இல்லை.
நான்கு என்று எழுதி
அதன் காலடியில் ஒரு குறியைத் தொங்கவிட்டால் நாற்பது,
வேறொரு குறி என்றால் நானூறு.
எனக்கு உடனே விளங்கியது.
௪௰, ௪௱.
நாங்கள் பக்கத்தில் இருத்தியதை
அவர்கள் கீழே கட்டியிருக்கிறார்கள்.

விளங்கிய திமிரில்தான் பிழை விட்டேன்.
பத்தின் குறியும் நூறின் குறியும்
அட்டவணையில் அடுத்தடுத்த வீடு.
ஒரு வரி தள்ளி ஒட்டியிருக்கிறேன்.
இரவு பதினொன்றுக்கு வண்டியின் மடல்:

"அது என் பெரிய தாயார்.
வாங்கினது நாற்பது படி.
உங்கள் எழுத்துருவில் நானூறு.
கடைக்காரரின் பேரன் இன்னும் எங்கள் தெருவில்தான் இருக்கிறான்.
தயவுசெய்து அவன் கண்ணில் பட முன்னர்."

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது.
பகலில் இதே விரல்கள்
எத்தனை பேருடைய பரப்பையும் குழியையும் அடிக்கின்றன.
மனுவேற்பிள்ளையின் பிரதியை எடுத்து
மூலத்தோடு மறுபடி ஒத்துப் பார்த்தேன்.
சரியாகத்தான் இருந்தது.
இன்னொரு முறை பார்த்தேன்.

கரண்ட் போனது.
யுபிஎஸ் கீச்சிட்டது, ஏழு நிமிடம் தரும்.
குறியைக் கழற்றினேன், நூலளவு இடம் நகர்த்தினேன்,
நான்கின் காலடியில் பத்தைக் கட்டினேன்,
சேமித்தேன், அனுப்பினேன்.

முந்நூற்று அறுபது கொத்து அரிசி
அந்தப் பெண்ணின் தலையிலிருந்து இறங்கியது.
மீதி நாற்பது
இன்னும் கொடுபடவில்லையாம்.